இடமிருந்து மூன்றாவது

பிப்ரவரி 6

தம்பிக்கு,

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்தே கையில் கிடைத்த காகிதத்தை எல்லாம் படிக்கிறவன் நீ. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஈரலில் புற்று. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோடை தாண்டினா பெரிய விஷயம்மா" என்றார். அவர் சொல்லியே இருக்க வேண்டாம். மருந்துக்கடையில் இத்தனை வருஷம் நின்றவளுக்குச் சீட்டைப் பார்த்தாலே போதும். குணமாக்குகிற மருந்தெல்லாம் நின்றுபோய், வலிக்கு மட்டும் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன், வருவதும் வராததும் உன் பாடு என்று இதோடு முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று ஒன்று கைக்குக் கிடைத்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை. வேறு யாரிடம் போய்ச் சொல்வது, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அப்பாவுக்குக் குளிர்கிறதென்று அலமாரி உச்சியில் இருந்த பெட்டியை இறக்கினேன். கம்பளிக்கு அடியில், பழைய துணியில் சுற்றி, மூன்று புத்தகங்கள். அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர்கள். அடுத்தடுத்த மூன்று வருஷத்தவை. ஆண்டு மலர் போடுகிற அளவுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் அவர் படித்தார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. முதல் மலரில் 'சிரிப்பதற்குச் சில' என்று ஒரு பக்கம். அதில் அப்பா பெயர் போட்டு ஒரு ஜோக். "ஏன் தாமதம்?" என்று ஆசிரியர் கேட்கிறார். "வழியில் 'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்க' என்று எழுதியிருந்தது ஐயா" என்கிறான் மாணவன். எங்கிருந்தோ சுட்டதுதான். ஆனாலும் நம் அப்பா. ஒரு நாள் முழுக்க நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்.

இரண்டாவது மலரில்தான் அந்தப் படம். நாடக மன்றத்துப் பையன்கள், மேடையில் இரண்டு வரிசையாக. கீழே பெயர்கள். 'நிற்பவர்கள், இடமிருந்து வலமாக' என்று போட்டு, மூன்றாவது அப்பாவின் பெயர். நின்றவர்கள் ஏழு பேர். விரலை வைத்து எண்ணினேன். மூன்றாவது பையன் தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். கன்னத்தில் குழி. முழு முகம். இரண்டு காதும் இருக்கின்றன.

சாப்பிடும்போது அப்பாவின் வலப்பக்கம் யார் உட்காருவது என்று நீயும் நானும் அடித்துக்கொள்வோம். இடப்பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்துத்தான் அவர் உட்காருவார். அந்த வெந்துபோன பாதியைத் தவிர அவருக்கு இன்னொரு முகம் இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுகூட இல்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டபோதுகூடப் படம் எடுக்கவிடவில்லையாம். நேற்றுத்தான் முதல்முறையாக என் அப்பாவைப் பார்த்தேன். மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அடுப்பில் பால் பொங்கிப் போனதுகூடத் தெரியவில்லை.

கடையிலிருக்கிற ஜெராக்ஸில் எடுத்து அனுப்புகிறேன். உன் சின்னவன் சாயல் தெரிகிறதா பார்.

வாடா. வீம்பு போதும்.

அக்கா

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

படித்தேன். நீ சொன்ன மாதிரி முழுக்கத்தான் படித்தேன்.

நோய்க்காக வருத்தப்படுகிறேன். மருந்துக்கு வேண்டியதை எழுது, அனுப்புகிறேன். ஆனால் வரச் சொல்லாதே. என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. ஊரில் இருந்துகொண்டு, உடம்பு நன்றாக இருந்துகொண்டு, வரவில்லை. பெண் வீட்டார், "அப்பா எங்கே?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கடைசி நிமிஷத்தில் வந்துவிடுவார் என்று நம்பி, போட்டோக்காரரிடம் சொல்லி என் பக்கத்தில் இடம் விட்டு நின்றேன். அந்தப் படத்தை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியவில்லை. நீ அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "அவர் அப்படித்தான், உனக்குத் தெரியாதா" என்றாய். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

ஜெராக்ஸைப் பார்த்தேன். கரி பூசின மாதிரி இருக்கிறது, உன் கடை மிஷினுக்கு முதலில் மருந்து கொடு. இருந்தாலும் முகம் தெரிகிறது. வீட்டில் இவள் பார்த்துவிட்டு, "சின்னவனுக்கு இதே குழிதான்" என்றாள். சின்னவன் வாங்கி, "இது யாரு?" என்றான். தாத்தா என்றேன். அந்த வார்த்தையை என் வீட்டில் முதன்முதலாகச் சொன்னேன்.

பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது. இப்படிச் சிரித்துக்கொண்டு கேமரா முன்னால் நின்ற மனிதரால் எனக்காக ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. வேலை செய்த இடத்தில் பாய்லர் வெடித்து முகம் வெந்ததென்றால் அது ஆஸ்பத்திரிக்காரன் குற்றம், அவருடையதா என்ன? ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற அந்தக் கீழ்த்தள வெளுப்பறையில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே வாழ்நாள் முழுக்க ஒளிந்துகொண்டார். நம்மையும் சேர்த்து ஒளித்துவைத்தார்.

அந்தப் புத்தகத்தில் வேறு என்ன இருக்கிறது? சும்மா கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

சும்மா கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். உட்கார்ந்து படி.

பாய்லர் வெடிக்கவே இல்லை. மூன்றாவது மலரின் முதல் பக்கங்களில் தலைமை ஆசிரியரின் அறிக்கை இருக்கிறது. தேர்ச்சி இவ்வளவு, கால்பந்தில் தோற்றோம், புதுக் கழிப்பறை கட்டினோம். அதற்கு நடுவில் ஒரு வரி. 'வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த சிறு விபத்தில் காயமுற்ற மாணவர் விரைவில் குணமடைய வேண்டுகிறோம்' என்று போட்டு, அப்பாவின் பெயர். அந்த மலரில் அவர் வேறு எங்கேயும் இல்லை. வகுப்புப் படத்திலும் இல்லை, நாடக மன்றத்திலும் இல்லை. பதினாறு வயது. சிறு விபத்து என்று எழுதியவன் கையை என்ன சொல்ல.

வெளுப்பறையில் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் வெந்தது என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள், அதனால் பாய்லர் என்று சொல்லிவைத்திருக்கிறார். நாமும் ஊர் முழுக்க அதையே சொன்னோம்.

புத்தகம் கிடைத்ததை அவரிடம் சொல்லவில்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல நாடகம் போட்டீங்களாப்பா?"

"ம்."

"என்ன வேஷம்?"

"திரை இழுக்கிற வேஷம்" என்றார்.

தன்னடக்கத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு திரை இழுத்தாராம்.

வலி குறைந்திருந்த நேரம், அதனால் இன்னும் கொஞ்சம் பேசினார். உன் கல்யாணத்தைப் பற்றித் தானாகவே எடுத்தார். "போட்டோக்காரன் என்னை ஓரமா நிக்கச் சொல்லுவான். இல்லேன்னா லைட்டைத் திருப்பித் திருப்பி வைப்பான். பொண்ணு வீட்டுக்காரங்க அதைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. அது தம்பிக்கு எதுக்கு" என்றார். அவ்வளவுதான். உன்னைக் குறை சொல்லவில்லை, தன்னைக் குறை சொல்லவும் இல்லை. பஸ் ஏன் தாமதமாக வந்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

அப்புறம் ஒன்று. "நான் போனப்புறம் படம் கிடம்னு எதையும் வைக்காதே. இருக்கறப்ப யாரும் உத்துப் பாக்கல. போனப்புறம் பாத்து என்ன ஆகப்போவுது" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போதாவது கிளம்பு. எலும்பும் தோலுமாகிவிட்டார். ஒரு பக்கமாகத்தான் படுக்கிறார், அதுவும் சுவரைப் பார்த்த பக்கமாக.

அக்கா

மார்ச் 14

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன். அச்சகத்தில் பிலிமும் பிளேட்டும் போடுகிற அறையில் மங்கலான சிவப்பு விளக்கு, அதில் படிக்க முடியாது. இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 19க்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அதுவரைக்கும் பாடப்புத்தக வேலை, ஒருத்தனுக்கும் லீவு கிடையாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். டாக்டர் கோடை வரைக்கும் என்றுதானே சொன்னார். வந்துவிடுவேன். அவர் பக்கத்தில் உட்காருவேன். என்ன பேசுவது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் எனக்கு நீ ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். அப்படி ஏதாவது ஆகிவிட்டால், படம் வைக்காதே என்று அவர் சொன்னதைக் கேட்காதே. அந்த ஆண்டு மலர்ப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கச் சொல். ஸ்டூடியோவில் செய்துகொடுப்பார்கள். சவப்பெட்டியின் தலைமாட்டில் வை. பேப்பரிலும் அந்த முகத்தோடு அறிவிப்புப் போடு, செலவு என்னுடையது.

காரணம் உனக்குத் தெரியாததில்லை. நீ பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். என்னைத்தான் தெரு முழுக்கக் 'கருகல் மகன்' என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் அவருக்குக் 'கருகல்' என்றுதான் பேர், நீ இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு நாளாவது அவர்கள் அந்தப் பையனைப் பார்க்கட்டும். பார்த்து வாயைப் பொத்திக்கொள்ளட்டும். இதை நீ செய்யமாட்டாய் என்றால் நான் வந்து என்ன பிரயோஜனம்? டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பதில் போடு.

தம்பி

மார்ச் 23

தம்பிக்கு,

சரி. வைக்கிறேன். நீ வந்தால் போதும்.

அவரிடம், "தம்பி வர்றான்ப்பா" என்று சொன்னேன். "அவனுக்கு வேலை இருக்குமே" என்றார். பிறகு முகம் மழிக்க வேண்டும் என்றார். இன்னும் நாள் இருக்கிறதப்பா என்றேன். பரவாயில்லை என்று, இருக்கிற பாதியை மழித்துவிடச் சொன்னார். அன்றைக்கிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் மழித்துவிடுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 11

தம்பிக்கு,

அப்பா 7ஆம் தேதி காலையில் போய்விட்டார். போனில் உன் மனைவி அழுதாள், நீ வாங்கிப் பேசவில்லை. எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் இரண்டு நாள் பயணம், மறுநாள் அடக்கத்துக்கு நீ வந்து சேர முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்காக நான் கோபப்படவில்லை. கோபம் வேறு விஷயத்துக்கு.

நீ சொன்னபடியே செய்தேன். முன்கூட்டியே ஸ்டூடியோவில் கொடுத்து, சட்டம் போட்டு, அவர் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தேன். கட்டிலுக்கு மேலே அவர், கீழே அந்தப் படம். சரி என்று அவருக்கு ஒரு வாக்கு, சரி என்று உனக்கு ஒரு வாக்கு. என் நாக்கை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

அடக்கத்தன்று காலைப் பேப்பரில் படம் வந்தது. நீ ஆசைப்பட்டது நடந்தது. தெருவே வந்தது. படத்தின் முன்னால் நின்று நின்று பார்த்தார்கள். "இவ்ளோ அழகா இருந்தவரா" என்று எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளுப்பறையில் கூட வேலை பார்த்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. தம்பி சொன்னது சரிதான் என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். நல்ல உயரம், கைத்தடி, இஸ்திரி போட்ட சட்டை. யாருக்கும் அவரைத் தெரியவில்லை. படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பெட்டியைப் பார்க்கவே இல்லை. கடைசியில் என்னிடம் வந்து, மெதுவாக, "உங்ககிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்மா" என்றார். சமையலறைக்குக் கூட்டிப் போனேன்.

"கோவிச்சுக்காதீங்க. காலைல பேப்பரைப் பிரிச்சேன். என் மூஞ்சி இருந்தது. கீழே உங்கப்பா பேர் இருந்தது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பைத்தியமோ என்றுகூட நினைத்தேன். அவர் சிரித்தார். வயசாகிவிட்டது, பல்லெல்லாம் கட்டின பல். ஆனால் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, கன்னத்தில் அதே குழி விழுந்தது.

"நான்தான் அதுல ஹீரோ. உங்கப்பா திரை இழுப்பான். நல்ல பையன், கரெக்டா இழுப்பான்" என்றார்.

தம்பி, உடனே படத்தை எடுக்கப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "இப்ப எடுத்தா எல்லாரும் கேப்பாங்க. கூட்டம் போகட்டும். நான் என்ன, குறைஞ்சா போயிடுவேன்" என்றார். அதனால் அவருடைய படத்தை வைத்துத்தான் நம் அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் பின்னாலேயே நடந்து வந்தார். தன் படத்துக்குப் பின்னாலேயே.

திரும்பி வந்ததும், "எங்கப்பா அப்ப எப்படி இருப்பாரு?" என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு வேறு ஆளே இல்லை. "நிறமா? ஒல்லியா? சரியா ஞாபகம் வரலம்மா. அவன் எப்பவும் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பான். நாங்க இந்தப் பக்கம்" என்றார். ஆய்வுக்கூட விபத்தைக் கேட்டேன். கேள்விப்பட்டதாகச் சொன்னார். பரீட்சை நேரம், போய்ப் பார்க்கவில்லையாம்.

இருக்கும்போது அப்பாவை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. போன அன்றைக்கு ஊரே கூடி இன்னொருத்தனைப் பார்த்தது. அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம். உன் பிடிவாதத்துக்காக அதை நான் மீறினேன். உன் மேல் கோபம், என் மேல் அதைவிட.

மூன்று புத்தகங்களையும் அனுப்புகிறேன். என் வீட்டில் வேண்டாம். பெயர் எப்படி மாறியது என்று உன் தொழில்காரர்களைக் கேள்.

அக்கா

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

இன்றைக்கு நான் ரயிலில் இருந்திருக்க வேண்டியவன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ரயில் போய்விட்டது, நான் வீட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். அன்றைக்குப் போனை ஏன் வாங்கவில்லை என்று கேட்காதே. உன் குரலைக் கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

பார்சல் நேற்று வந்தது. முதலில் உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பெயர் மாறவில்லை. படம்தான் மாறியிருக்கிறது. அச்சுக்குப் பிளேட் போடும்போது படத்தின் பிலிமைப் பின்புறம் திருப்பி வைத்துவிட்டால் எல்லாம் இடம் வலமாகிவிடும். கண்ணாடியில் தெரிகிற மாதிரி. அந்தப் படத்தில் இருக்கிற அத்தனை பையன்களுக்கும், இடது நெஞ்சில் இருக்க வேண்டிய சட்டைப்பை வலது நெஞ்சில் இருக்கிறது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நீ அனுப்பின ஜெராக்ஸ் கரியில் சட்டைப்பை தெரியவில்லை. புத்தகத்தை அப்போதே அனுப்பு என்று நான் கேட்டிருக்கலாம். கௌரவம் பார்த்து, 'சும்மா கேட்கிறேன்' என்று எழுதினேன்.

ஆக, அப்பா இடமிருந்து மூன்றாவதுதான். அச்சான படத்தில் அது வலமிருந்து மூன்றாவது. அச்சகத்தில் பிலிம் பார்க்கிற லென்ஸை வீட்டுக்கு எடுத்துவந்து பார்த்தேன்.

இருக்கிறார், அக்கா. ஒல்லியாக, காலர் பெரிதாக, கழுத்து நீண்ட பையன். சிரிக்கவில்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ராஜா வேஷக்காரனின் அட்டைக் கிரீடம் அவர் முகத்தில் ஒரு பாதியை மறைக்கிறது. மறு பாதி தெளிவாகத் தெரிகிறது. கண், புருவம், கன்னம், காது.

எந்தப் பாதி என்று பார்த்தேன். இடது. வெந்துபோகாத இடது கன்னம். சுருங்காத இமை. முழுக் காது. நாம் பிறந்ததிலிருந்து பார்க்காத பாதி. இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுதான் எங்க அப்பா, இதுதான் யாருமே பாக்காத பக்கம்" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். சின்னவன் தூக்கத்தில் எழுந்து வந்துவிட்டான்.

இவள் லென்ஸை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "படம் திரும்பி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப முகமும் திரும்பித்தானே இருக்கும்?"

பதினெட்டு வருஷமாக இதே தொழில். அவள் கேட்கிற வரைக்கும் எனக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்திருக்கும். குளியலறைக் கண்ணாடி முன்னால் புத்தகத்தைப் பிடித்துப் பார்த்தேன்.

வலது பாதிதான். நமக்குத் தெரிந்த அதே கன்னம், அதே காது. கிரீடம் மறைத்திருப்பது மற்றதை. அதற்கு வேறு படம் கிடையாது. ஞாபகம் வைத்திருக்கிறவர்களும் கிடையாது, அந்தப் பெரியவரும் கைவிரித்துவிட்டார்.

நீ அவருக்குக் கடைசி வரைக்கும் மழித்துவிட்டாயே, அந்தப் பக்கம்தான் இங்கே இருக்கிறது. எனக்காக மழித்துக்கொண்டு கிடந்த பக்கம். அதைப் பார்க்க எனக்குப் புத்தகமோ லென்ஸோ தேவைப்பட்டிருக்காது. மார்ச் மாதமே லீவு தராத வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறியிருந்தால் போதும்.

தம்பி